பீடை என்று விட்ட செருப்பு

செருப்பு தொலைந்ததற்காக ஒருத்தியை வீடு தேடி வந்து வாழ்த்துகிற ஊர் வேறு எங்காவது இருக்கிறதோ என்னவோ, ராஜபாளையத்தில் ரத்தினத்துக்கு அதுதான் நடந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே சீனிவாசப் பெருமாள் நிற்கிற ஒரு குன்று இருக்கிறது. அதற்கும் திருவண்ணாமலை என்றுதான் பெயர். தீபம் ஏற்றுகிற பெரிய மலை இல்லை, இது நம்ம பக்கத்துத் திருவண்ணாமலை. புரட்டாசிச் சனிக்கிழமை வந்துவிட்டால் சுற்றுவட்டாரமே அங்கே திரண்டுவிடும். மொட்டை போடுகிறவர்கள், கோனேரிக் குளத்தில் முங்கிவிட்டு ஈரத்துணியோடு படியேறுகிறவர்கள் என்று மூச்சு முட்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. அந்த வருஷம் பட்ட கஷ்டம், வந்த வியாதி, பிடித்த சனி எல்லாவற்றையும் ஒரு பழஞ்செருப்போடு சேர்த்து அடிவாரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட வேண்டும். தானாகவே செருப்பு தொலைந்துபோனால் அது இன்னும் விசேஷம். பெருமாளே பார்த்து எடுத்துக்கொண்டார் என்பார்கள். அப்படிப் போனதை யாரும் தேட மாட்டார்கள். தேடினால் போன பீடை வாசல் வரைக்கும் கூடவே வருமாம்.

ரத்தினம் செருப்பை விடுவதற்காகப் போகவில்லை. அவளுக்கு அந்தச் செருப்பை விடுவதும் காலை விடுவதும் ஒன்று. அன்றைக்குக் கூட்டத்தில் செருப்புக் காப்பகத்துக்குப் பக்கத்திலேயே போக முடியவில்லை. அவள் புருஷன் சுயம்புலிங்கத்துக்கோ எதற்கும் பொறுமை கிடையாது. "அந்தா, அந்த வேப்பமரத்தடில விடேன் ஏட்டி, தங்கச் செருப்பா போட்டிருக்க? எவன் எடுக்கப் போறான்?" என்றார். அவளும் மரத்தடியில் கழற்றி, இரண்டையும் ஜோடி சேர்த்து, நேராக வைத்துவிட்டுப் படியேறினாள்.

சாமி கும்பிட்டு இறங்கும்போது கூட்டம் அவர்களை வேறு பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து விட்டது. ராஜபாளையம் ஸ்பெஷல் பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. சுயம்புலிங்கம் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"என்னங்க, என் செருப்பு!"

"கெடந்துட்டுப் போவுது. சனிக்கிழமை, பெருமாள் கோயிலு, பீடை விட்டுச்சுன்னு ஏறு. கடையத் தொறக்கணும்."

அவள் ஏறிவிட்டாள். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே அமுக்கப்பட்டு, ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தபோது வேப்பமரம் கூடத் தெரியவில்லை.

பஞ்சு மார்க்கெட் பக்கம் சுயம்புலிங்கத்தின் மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. பொஞ்சாதி செருப்பு மலையில் போய்விட்டது என்று அவர் கடையில் சொன்னதும் தெருவுக்கே செய்தி போய்விட்டது. பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் வந்து, "மதினி, நல்ல காலம் பொறந்துட்டு. நானும் மூணு வருசமா விட்டுப் பாக்கேன், எனக்குத் தானாத் தொலைய மாட்டேங்கு" என்று ஆதங்கப்பட்டாள். எதிர்வீட்டு ராஜு வீட்டம்மா, "போதே போனீ வதினா! போனா போவுது, கஷ்டமெல்லாம் அதோட போயிரும்" என்று தெலுங்கும் தமிழுமாகக் கன்னத்தைத் தடவினாள். இத்தனை பேர் சந்தோஷப்படும்போது அழுகிறவளை என்னவென்று சொல்வார்கள்? ரத்தினம் அடுப்படிக்குப் போய், வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்தச் செருப்பு அவள் மகள் செல்லக்கனி வாங்கிக் கொடுத்தது.

செல்லக்கனி மில்லில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியபோது நடந்த கதை அது. அந்தத் தெருவில் ரத்தினம் வயசுப் பெண்கள் செருப்புப் போடுவதில்லை. பேரன் பேத்தி எடுக்கிற வயசில் என்ன சோக்கு வேண்டிக்கிடக்கு என்று பேச்சு வரும். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் குதித்துக் குதித்து நடந்தாலும் நடப்பார்களே தவிர, போட மாட்டார்கள். செருப்புக் கடைக்கு வா என்று மகள் கூப்பிட்டதற்கு ரத்தினம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மதியம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது பாதத்தில் ஏதோ குறுகுறுவென்றது. பார்த்தால், செல்லக்கனி விளக்குமாற்று ஈர்க்கை வைத்து உள்ளங்காலை அளந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் செருப்பு வந்துவிட்டது. அரக்கு நிற வார், முன்னால் சின்னதாக ஒரு பூ. ரத்தினம் என்ன செய்தாள் தெரியுமா? அதைப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போய், தெருமுனை தாண்டித்தான் காலில் மாட்டுவாள். திரும்பும்போது மறுபடி பைக்குள் போய்விடும். வெகுநாள் இந்தக் கூத்து நடந்தது. ஒருநாள் இடது வார் அறுந்தது. செல்லக்கனிதான் தைக்கக் கொண்டுபோனாள். தைக்கிறவரிடம் கறுப்பு நூல் தீர்ந்துபோய், பச்சை நூலால் தைத்துக் கொடுத்துவிட்டார். "கிளி உக்காந்த மாதிரி இருக்கும்மா, விடு" என்று மகள் சிரித்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் செல்லக்கனி போய்விட்டாள். அதே மில்லில் வேலை பார்த்த தவசிமுத்து என்ற, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பையனைக் கல்யாணம் முடித்துக்கொண்டு, வத்திராயிருப்புப் பக்கத்தில் புதுப்பட்டிக்கு, அவன் ஊருக்கே போய்விட்டாள். சுயம்புலிங்கம் மகளைத் தலைமுழுகினார். வாய்ப்பேச்சுக்கு இல்லை, கிணற்றடியில் உட்கார்ந்து நிஜமாகவே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அவள் சேலை, தாவணி, கண்ணாடி, சீப்பு ஒன்றையும் வீட்டில் விட்டு வைக்கவில்லை. சொந்தக்காரர் கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவில் அவள் நின்ற பக்கத்தைக் கத்தரித்துவிட்டார். "அவ பேரை எடுத்தா இந்தக் கடைல சாமான் கெடையாது" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொன்னவர், வீட்டுக்காரியிடம் மட்டும் வேறு என்ன சொல்லியிருப்பார்?

செருப்பு தப்பித்துக்கொண்டது. பொஞ்சாதி காலில் என்ன கிடக்கிறது, யார் வாங்கிக் கொடுத்தது என்று எந்த ஆம்பளை பார்த்தான்? மகள் தொட்டது என்று அந்த வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். கடைக்குப் போகும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் ரத்தினம் அதைப் போட்டுக்கொண்டு நடந்தாள். மகளோடு நடக்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள். யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ரத்தினம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். அங்கிருந்து மலைக்கு நடந்தே போனாள். நேற்றுத் திருவிழா மாதிரி இருந்த இடம் இன்றைக்கு வெறிச்சோடிக் கிடந்தது. வேப்பமரத்தடியில் மட்டும் செருப்புகள் முட்டு முட்டாகக் குவிந்து கிடந்தன. ரப்பர், தோல், பிளாஸ்டிக், பிள்ளைகளின் குட்டிச் செருப்பு, ஒற்றைச் செருப்பு என்று ஒரு ஊரே கழற்றிப் போட்ட கஷ்டம். ஓரத்தில் இருளம்மாள் என்ற ஒரு கிழவி நீளக் கம்பியால் செருப்புகளைக் கொத்திக் கொத்திச் சாக்குக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். ரப்பர் உருக்குகிறவர்களுக்கு அதைப் போடுவது அவள் பிழைப்பு.

"என்னத்தா தேடுத?" என்றாள் இருளம்மாள்.

"செருப்பு. நேத்து இங்கன விட்டுட்டுப் போயிட்டேன்."

"விட்டுட்டுத்தான போன? பொறவு என்ன தேட்டம்?"

"வேணும்னு விடல. மறந்து விட்டது."

"எல்லாரும் மறந்துதான் விடுதாக. வேணும்னு விட்டேன்னு பெருமாள்ட்ட எவ சொல்லுவா?" கிழவி கம்பியை ஊன்றிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை வருசமா இங்கன கெடக்கேன். விட்டதத் தேடி வந்தவ நீ ஒருத்திதான். நான் எடுத்துத் தர மாட்டேன் தாயி. போன பீடைய எடுத்துத் திரும்பக் கைல குடுத்தா அது எந் தலைல விடியும். நான் கையாலயே தொடுறதில்ல, பாத்தேல்லா? வேணும்னா நீ கிளறிக்கோ. இந்தா, கம்பி."

ரத்தினம் கம்பியை வாங்கவில்லை. கம்பியால் குத்தினால் அவள் செருப்பில் ஓட்டை விழுந்துவிடாதா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளத் தொடங்கினாள். ஊரார் வியர்வை, சகதி, சாணி, மொட்டையடித்த முடி எல்லாம் கையில் ஒட்டியது. தெரியாத ஆட்களின் சனி, தெரியாத வீடுகளின் நோய் என்று கிழவி பக்கத்தில் நின்று "ஐயையோ, ஐயையோ" என்று பதறிக்கொண்டே இருந்தாள். ரத்தினம் நிறுத்தவில்லை. கட்டின சாக்குகளையும் அவிழ்த்துக் கொட்டினாள். அரக்கு நிறம் தெரியும்போதெல்லாம் நெஞ்சு துள்ளும், எடுத்துப் பார்த்தால் வேறு எவளுடையதாகவோ இருக்கும்.

வெயில் ஏறி உச்சிக்கு வருகிற நேரம் அவள் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்படி என்னத்தா அந்தச் செருப்புல?" கிழவிக்கு மனசு இளகிவிட்டது. "அடையாளம் என்னதான்? சொல்லு, பாப்போம்."

"அரக்கு வாரு. முன்னால பூ. இடது வாரு அந்து, பச்சை நூல் போட்டுத் தச்சிருக்கும்."

இருளம்மாள் கம்பியைக் கீழே வைத்தாள். "பச்சை நூலா?"

"ஆமா. பாத்தீகளா?"

"அது போயிட்டேத்தா. நேத்து மதியத்துக்கு மேல ஒரு பிள்ளை எடுத்துட்டுப் போயிட்டு. மாசமா இருக்கு, ஆறோ ஏழோ இருக்கும். இந்தா, இந்த எடத்துலதான், ஜோடியா நேரா வச்சிருந்த செருப்பு. அதைப் பாத்ததும் அந்தப் பிள்ளை அப்படியே நின்னுட்டு. பொறவு தரையில உக்காந்து அதை எடுத்து மடில வச்சிக்கிட்டு அழுதது பாரு, அப்படியொரு அழுகை. நாந்தான் சத்தம் போட்டேன். 'ஏத்தா, வயித்துப் பிள்ளையோட ஊரான் பீடையத் தொடாத'ன்னேன். அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுமா?"

ரத்தினம் கிழவியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"'ஊரான் பீடை இல்ல ஆச்சி, எங்கம்மா விட்டுட்டுப் போன பீடை. நாந்தான் அது'ன்னுச்சு. எனக்கு ஒரு எழவும் வெளங்கல. புருசங்காரன் ஓடிவந்து கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போனான். செருப்பை மட்டும் விடல, இடுக்கிட்டே போயிட்டு."

புரட்டாசிச் சனிக்கிழமை அம்மா தவறாமல் மலைக்கு வருவாள் என்று செல்லக்கனிக்குத் தெரியும். வயிற்றுப் பிள்ளையோடு பஸ்ஸில் இடிபட்டு வந்திருக்கிறாள். எட்ட நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருப்பாள். அம்மா கண்ணில் படவில்லை, அம்மா செருப்புதான் பட்டது. அதுவும் எந்த இடத்தில்? பீடை என்று எல்லோரும் கழற்றிப் போடுகிற இடத்தில்.

ரத்தினம் வாய்விட்டு அழுதாள். வெங்காயம் இல்லை, அடுப்பங்கரை இல்லை, நட்டநடு வெயிலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான் விடலியே, நான் விடலியே" என்று யாரிடமோ சொன்னாள்.

"செருப்பு இருக்க எடம் தெரிஞ்சு போச்சுல்லா? பொறவு எதுக்கு அழுத?" என்றாள் இருளம்மாள். "எந்திரி. அதுட்டப் போயி சொல்லு. எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?"

வத்திராயிருப்புப் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ரத்தினத்தின் பக்கத்தில் உட்கார வந்த பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். கிருஷ்ணன்கோவில் தாண்டியது, சுந்தரபாண்டியம் தாண்டியது. இவ்வளவுதானா தூரம் என்று ரத்தினத்துக்குப் பகீரென்றது. புதுப்பட்டி என்று தெரியும். மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு என்று அங்கிருந்து வருகிற கீரைக்காரி சொல்லித் தெரியும். எந்தப் பஸ் போகும் என்றும் தெரியும். இரண்டு வருஷமாக எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். அவரு கொன்னுபோடுவாரு என்று சொல்லிக்கொண்டாள். தெரு சிரிக்கும் என்று சொல்லிக்கொண்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் போதும், மகளோடு நடந்த மாதிரிதான் என்றும் சொல்லிக்கொண்டாள். மகள் என்ன, அந்தச் செருப்பா? அவள் இங்கே உயிரும் உடம்புமாக, வாந்தியும் மசக்கையுமாக இருந்திருக்கிறாளே. ரத்தினத்துக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு. தவசிமுத்து வாசலில் நின்று சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பூசைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. ஒரு தடவைகூட அவனை ரத்தினம் நேருக்கு நேர் பார்த்ததில்லை. அவனுக்கோ யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை, செல்லக்கனியின் முகத்தை அச்செடுத்தது மாதிரி ஒருத்தி வாசலில் நின்றால் தெரியாதா? கையிலிருந்த துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டான்.

"வாங்கத்தை" என்றான். "உள்ள வாங்க."

ரத்தினம் நகரவில்லை. வாசலில் செல்லக்கனியின் செருப்புக்குப் பக்கத்தில் அவள் செருப்பு கிடந்தது. யாரோ கழுவிக் காயப் போட்டிருந்தார்கள். பச்சை நூல் பளிச்சென்று இருந்தது. அதை எடுக்கக் கை போகவில்லை, கண் உள்ளேயே இருந்தது.

செல்லக்கனி நிலைப்படிக்கு உள்ளேயே வந்து நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. முகம் மட்டும் முறைத்தது.

"என்ன, இன்னும் விடவேண்டியது ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

"ஏட்டி, அப்படிச் சொல்லாத. நான் அதை விடல. பஸ்ஸு கெளம்பிருச்சு, உங்கப்பா கையைப் பிடிச்சு இழுத்து…"

"எனக்குத் தெரியாதாம்மா அந்த எடம்? நானும் உங்கூட வருசா வருசம் வந்தவதான? மறந்துட்டுப் போன செருப்பு தாறுமாறாக் கெடக்கும். இது ஜோடி சேத்து, நேரா வச்சு, கும்பிட்டு விட்ட மாதிரி கெடந்துச்சு. பெருமாளே, எம் மகளோட போகட்டும் இந்தச் சனின்னு வேண்டிட்டு வச்சியா?"

"ஐயோ!" ரத்தினம் வாயில் அடித்துக்கொண்டாள். "நீ வாங்கிக் குடுத்ததுன்னு பதனமா வச்சேன்டி. மிதிபட்டுறக் கூடாதுன்னு வச்சேன்."

"அம்புட்டுப் பதனம் எம் மேல இருந்தா ரெண்டு வருசத்துல ஒரு நாளு வந்திருப்ப."

ரத்தினம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வந்திருக்கணும்" என்றாள். "பயந்துட்டேன். உங்கப்பாவுக்குப் பயந்தேன், தெருவுக்குப் பயந்தேன். அது தப்புதான். அதுக்கு நீ என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன், நாலு அறை அறைஞ்சாலும் வாங்கிக்கிடுதேன். ஆனா பீடைன்னு மட்டும் விடலடி. அதை மட்டும் நம்பு."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைக்கப் புறங்கையைத் தூக்கினாள். செல்லக்கனி அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் கறுத்து, நகக்கண்ணில் சகதி ஏறி, மேலெல்லாம் முடி ஒட்டிக் கிடந்தது. நாற்றம் நிலைப்படி தாண்டி வந்தது.

"கை என்னம்மா இப்படி இருக்கு?"

"கிளறினேன்."

"எதை?"

"மலைல. அந்தக் குமியத்தான். காலைலருந்து கிளறுதேன், கெடைக்கல. பொறவுதான் அந்தக் கெழவி சொன்னா, நீ எடுத்துட்டு வந்துட்டேன்னு."

"கையாலயா?" என்றாள் செல்லக்கனி.

அந்தக் குவியலைக் கையால் தொட ராஜபாளையத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில், புதுப்பட்டியில் ஒரு ஆள் கிடையாது. தன் பீடை போனால் போதும் என்று காலாலேயே உதறிவிட்டுப் போகிற இடம் அது. பீடை என்று மகளை விட்டவள், ஊர்ப் பீடையை எல்லாம் இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்துவிட்டு வந்து நிற்பாளா? செல்லக்கனி உள்ளே போனாள். ஒரு செம்புத் தண்ணீரும் சோப்புக் கட்டியுமாக வெளியே வந்தாள். நிலைப்படியைத் தாண்டி வந்தாள்.

"நீட்டு."

ரத்தினம் இரண்டு கையையும் நீட்டினாள். மகள் தண்ணீர் ஊற்றினாள். கறுப்பாக ஓடியது.

"நல்லாத் தேயி. நகத்துக்குள்ள தேயி. இன்னொரு தடவை போடு. கோட்டி பிடிச்சவளா நீ? யாரு யாரு செருப்போ, என்ன என்ன சீக்கோ, கையை விட்டு அளைஞ்சிருக்கியே, ஒனக்குக் கிறுக்கா?" என்று திட்டிக்கொண்டே அழுதாள். ரத்தினம் தேய்த்துக்கொண்டே அழுதாள். தவசிமுத்து காலியான செம்பை வாங்கிப் போய் நிறைத்துக்கொண்டு வந்தான். கை சுத்தமாகி வெகு நேரம் ஆன பிறகும் தண்ணீர் ஊற்றுவது நிற்கவில்லை.

உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு. "புரட்டாசி மாசம்" என்று ரத்தினம் இழுத்ததும், "அப்ப ரசம் ஊத்திக்கோ" என்று செல்லக்கனி அதட்டினாள். பிள்ளை உதைப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். "நேத்து அவரு சொன்னாரு, அத்தைட்டயே கேட்டுத் தெரிஞ்சிக்கிடலாம், சும்மா நீயா நெனைக்காதன்னு. நாந்தான் கேக்கல. ராத்திரியோட ராத்திரியா அந்தச் செருப்பை வெளிய எறியச் சொன்னேன். கழுவி வச்சிருக்காரு பாரு" என்றாள். தவசிமுத்து வெளியே போய் மறுபடி சைக்கிளைத் துடைத்தான்.

அப்பாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரத்தினமும் சொல்லவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ரத்தினம் ராஜபாளையத்தில் இறங்கினாள். காலில் செருப்பு. தெருவுக்குள் நுழையும்போது கழற்றலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பழைய பழக்கம். கழற்றவில்லை. சரக் சரக்கென்று தெரு முழுக்க நடந்தாள். கடையில் சுயம்புலிங்கம் ஆவுடையம்மாளுக்குத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். முதலில் பார்த்தது ஆவுடையம்மாள்தான்.

"மதினி! மலைல விட்ட செருப்பா? அடி பாவி, போன பீடையத் தேடிப்போயி எடுத்துட்டு வந்திருக்கியே! ஒனக்கு என்ன கேடு காலம்?"

சுயம்புலிங்கம் தராசிலிருந்து நிமிர்ந்தார். "சந்தைக்குன்னுதான போன? எங்க கெடந்துச்சு இது?"

"எம் மக வீட்டு வாசல்ல."

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஆவுடையம்மாள் பருப்பை வாங்காமலே பின்னால் ஓர் அடி வைத்தாள்.

"யார் வீட்டு வாசல்ல?" என்றார், காது கேட்காதவர் மாதிரி.

"செல்லக்கனி வீட்டு வாசல்ல. புதுப்பட்டில. இது பீடை இல்லீங்க. அவ மொதச் சம்பளத்துல எனக்கு எடுத்துக் குடுத்தது. நேத்து நம்ம விட்டுட்டு வந்ததப் பாத்துட்டு, எங்கம்மா என்னையே விட்டுட்டான்னு வயித்துப் பிள்ளையோட தரைல உக்காந்து அழுதிருக்கா. இனிமே நான் போவேன். வாரா வாரம் போவேன். நீங்க என்ன செய்தாலும் சரி."

இத்தனை நீளமாக அவள் அந்தக் கடை வாசலில் நின்று பேசியதே கிடையாது. சுயம்புலிங்கம் அவள் காலைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். அரக்கு வார், அந்தப் பூ, பச்சைத் தையல். தராசுத் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பருப்பு வழிந்து தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அடிக்கப் போகிறாரோ, கத்தப் போகிறாரோ என்று ஆவுடையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் கத்தவில்லை. தராசைக் கீழே வைத்தார்.

"உள்ள கூப்பிட்டாளா ஒன்ன?" என்றார்.

அப்போதுதான் ரத்தினத்துக்கு விளங்கியது. அவளைத் தெரு பயமுறுத்தியது என்றால், இந்த மனுஷனை மகளே பயமுறுத்தியிருக்கிறாள். போய் நின்றால் வா என்று சொல்ல மாட்டாளோ என்ற பயம். அதை மூடி மறைக்கத்தான் இத்தனை குடம் தண்ணீர், இத்தனை கத்தரிக்கோல்.

"கூப்பிட்டா. சாப்பிட்டுட்டுத்தான் வாரேன்" என்றாள் ரத்தினம். "உங்களையும் கூப்பிடுவா. ஆனா அந்த வாசல் வரைக்கும் நீங்கதான் நடந்து வரணும்."